விளக்கெண்ணெய் குடித்த அன்னம்

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டுச் சரசம்மாதான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவள்? தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்.

"ஏ சம்பங்கி! வெளிய வாமே! உங்கூட்டுக்காரரு தலையில்லாத வாத்து ஒண்ண டிராக்டர்ல ஏத்திக்கினு வர்றாரு!"

சம்பங்கி அடுப்பில் களிக்கு உலை வைத்திருந்தாள். களிக்கோலைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தாள். சரசம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டிரெயிலரில் பெரிய வெள்ளைப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கை இருந்தது, வால் இருந்தது, நடுவில் இரண்டு பேர் உட்காரப் பள்ளமும் காலடியில் மிதிகட்டைகளும் இருந்தன. கழுத்து பாதியில் முறிந்திருந்தது. அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவள் புருஷன் அண்ணாதுரை கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டே வந்தார்.

"என்னாங்க இது?"

"படகு."

"அது தெரியுது. நம்மூட்டுக்கு எதுக்கு?"

"உன் தோட்டத்துக்குப் போவறதுக்கு."

சரசம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டம் என்று யாராவது சொன்னாலே அந்த நாட்களில் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

சூளகிரிக்குத் தெற்கே சிங்கிரிப்பள்ளி ஏரி. இக்கரையில் ஊர், தார் ரோடு, பஸ். அக்கரையில் சம்பங்கியின் ஒன்றேகால் ஏக்கர், அவள் அப்பன் வீட்டுப் பங்கு. இருபது வருஷமாக அதில் சாமந்தி வைக்கிறாள். முன்பு அங்கே போக வண்டித்தடம் இருந்தது. புதிதாக வந்த கம்பெனி ஒன்று அதன் குறுக்கே காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டது. அதனால் என்ன, ஏரிதான் வறண்டு கிடக்கிறதே என்று ஏரிக்குள்ளேயே இறங்கி நடந்தார்கள். அப்புறம் மூன்று வருஷம் வானம் ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது. ஏரி நிரம்பிவிட்டது. ஊரே பொங்கல் வைத்துக் கும்பிட்ட தண்ணீரைச் சம்பங்கி ஒருத்திதான் கரித்துக்கொட்டினாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஏரிக்கரை மேலேயே நடந்து, தண்ணீர் வழிகிற கோடியில் பாசிக்கல் மேல் காலூன்றிக் கடந்து, மறுபடி புதருக்குள் நடக்க வேண்டும். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. பைக் போகாது. பூவண்டியோ காலை ஏழு மணிக்கெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். பூவை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் பறந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. ஆடி மாதத்தில் தலையில் கூடையோடு கோடிக்கல்லில் வழுக்கி விழுந்தவள்தான், அன்றிலிருந்து இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அதைப் பார்த்துத்தான் அவள் சித்தப்பா மகன் ஜெயமணி வந்து கேட்டான்.

"அக்கா, அஞ்சு வருசத்துக்கு எனக்கு வுட்டுரு. தைலமரம் வச்சிடறேன். அதுக்குத் தண்ணி வேணாம், காவல் வேணாம். நீ ஏன் இந்தக் காலை வச்சிக்கினு அல்லாடற? தையில கன்னு வெக்கணும், பொங்கலுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு."

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டி அனுப்பியிருக்கலாம். தைலமரம் ஏறின மண்ணில் அப்புறம் சாமந்தி எழுமா? வேரைத் தோண்டி எடுக்கவே இன்னொரு ஆயுசு வேண்டும். கொடுப்பது ஐந்து வருஷத்துக்கு என்றாலும் போவது ஒரேயடியாகத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "பாக்கலாம்ப்பா" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இந்தத் தலையில்லாத அன்னம் வந்து இறங்கியது.

நெடுஞ்சாலையோரம் ஓர் ஓட்டல்காரர் குளம் வெட்டி, பிள்ளைகள் மிதித்து விளையாட நாலு பைபர் படகுகள் விட்டிருந்தாராம். ஓட்டல் மூடிப்போச்சு, குளத்தையும் தூர்த்தாச்சு. மிஞ்சிய இந்த ஒன்றில் காவல்காரர் ஆட்டுக்குட்டிகளை அடைத்துவைத்திருந்தார். இடம் காலியானால் போதும், யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று புது முதலாளி சொல்லிவிட்டார். அண்ணாதுரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"வயித்துல இத்தாம் பெரிய விரிசல் இருக்குது," என்றாள் சம்பங்கி, குனிந்து பார்த்து.

"பாத்தேன். மூணு விரிசல். அடியில ஒரு ஓட்டை. மொத்தம் பதினேழு டிபெக்ட்."

எண்ணி வைத்திருந்தார். எண்ணாமல் எப்படி? இருபத்தாறு வருஷம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அதுதான் உத்தியோகம். பைக்கின் பெட்ரோல் டேங்க் பெயின்ட் அடித்து வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு புள்ளி தெரிந்தாலும் பென்சிலால் வட்டம் போட்டு, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். நன்றாக இருந்தால் பச்சை. தேய்ப்பதும் திரும்பப் பூசுவதும் வேறு ஆளின் வேலை. சித்திரையில் வீ.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வரும்வரை ஒரு டேங்கைக்கூட அவர் தன் கையால் தேய்த்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். தோசை ஓரம் கருகியிருந்தால் சும்மா தின்ன மாட்டார், கருகின இடத்தை விரலால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத் தின்பார்.

"கண்டுபுடிக்கறது உங்களுக்கு வரும். சரி பண்றது யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான்," என்றார். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது.

நாலாம் நாள் ஆயுத பூஜை. சாமான் வாங்க அவர் ஓசூர் போயிருந்தார். சம்பங்கி அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, பூக்கத்தரி எல்லாவற்றையும் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்தாள். அவள் பிறந்த வீட்டுப் பழக்கம் அது. வருஷம் முழுக்க உழைத்த சாமானுக்கு அன்றைக்கு ஒரு நாளாவது எண்ணெய் பட வேண்டும். எல்லாம் முடிந்து திரும்பினால் வேப்பமரத்தடியில் அன்னம் கிடக்கிறது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவர் மாதிரி கையில் வெள்ளையாக ஒட்டியது. எத்தனை வெயில் குடித்ததோ, தோலெல்லாம் வறண்டு வெடித்திருந்தது.

"ஐயோ பாவமே," என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டில் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தோட்டத்து வரப்பில் நிற்கிற ஆமணக்கில் ஆட்டி எடுத்தது. பழைய துணியை நனைத்து, முதுகு, வயிறு, இறக்கை என்று ஓரிடம் விடாமல் பூசினாள். அது குடிக்கக் குடிக்க இவளும் ஊற்றினாள். மத்தியான வெயிலில் இரண்டாம் முறையும் பூசினாள். கடைசியில் உடைந்த கழுத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோட்டத்தைக் கைவிட்டுவிடாதே என்று அதனிடம் கேட்டாள். தலையில்லாத அன்னத்திடம் போய் வேண்டிக்கொள்கிறோமே என்று அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் வந்தவர் வாயைப் பிளந்தார்.

"அடடா! பளபளன்னு ஆயிடுச்சே! என்னா பண்ண?"

"தொடைச்சுப் பூசை போட்டேன்."

பொய்யில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் நனைந்து காய்ந்தபின் தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை. எண்ணெய் முழுக்க உள்ளே போய்விட்டது.

ஓசூரில் பைபர் கடை வைத்திருக்கிற கமலக்கண்ணன் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பஸ்ஸுக்கு பம்பர், வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று செய்கிறவர். படகு என்றதும் முகம் மலர்ந்து எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். 'மொதல்ல கிரைண்டர் போட்டு நல்லாத் தேய்ச்சிருங்க அண்ணாச்சி. உள்ள இருக்க பழைய நாரு வெளிய தெரியணும். அப்புறம் கண்ணாடி நார்த் துணிய வச்சி ரெசின் பூசுங்க. ரெசின்ல ஹார்ட்னர் கலந்தாத்தான் இறுகும். மூடிக்கு மேல ஒரு சொட்டுக் கூடக்கூடாது, பாத்துக்கிடுங்க.'

அண்ணாதுரை அத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதின ஆள் செய்ததைக் கேளுங்கள். ஐப்பசிக் குளிர், தூறல், மாட்டுக்கொட்டகைக்குள் வேலை. கலந்து வைத்த ரெசின் ஒரு மணி நேரமாகியும் தேன் மாதிரியே இருந்தது. இன்னொரு மூடி ஊற்றினார். பார்த்தார். இன்னும் இரண்டு ஊற்றினார். திடீரென்று டப்பாவிலிருந்து புகை கிளம்பியது. கையில் பிடிக்க முடியாத சூடு. "ஏய் சம்பங்கி!" என்று அவர் வீசியெறிந்த டப்பா வைக்கோல் போரோரம் விழ, அவள் ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கொட்ட, பிளாஸ்டிக் டப்பா உருகி, உள்ளே ரெசின் கல்லாகக் கிடந்தது.

"அது ஒரு மூடிக்கு மேல வேணாம்னு நோட்டுல இருக்குதே," என்றாள்.

"இருக்குது."

"வட்டம் போட்டுக் காட்டட்டுமா?"

அவர் உருகின டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினார். போதாக்குறைக்கு நார்த்தூசி உடம்பெல்லாம் ஒட்டி அரிப்பு. வெந்நீரில் குளித்தால் போகும் என்று குளித்தார், அரிப்பு இரட்டிப்பானது. அந்த மனுஷன் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது சம்பங்கிக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் பாசமுமாக வந்தது. இத்தனை பாடும் தன் ஒன்றேகால் ஏக்கருக்காக. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அந்தத் தோட்டத்தில் ஒரு களை பிடுங்கினதில்லை. ஷிப்டு ஷிப்டு என்றே காலம் போய்விட்டது.

வெயில் வந்த ஒரு வாரத்தில் மூன்று விரிசலுக்கும் ஓட்டைக்கும் ஒட்டுப் போட்டு முடித்தார். கல் மாதிரி இறுகியது. தட்டினால் டங்கென்றது. தெருவே வந்து தட்டிப் பார்த்தது. அண்ணாதுரை காபியைக் கூடப் படகுக்குப் பக்கத்தில் நின்றுதான் குடித்தார்.

நாலாம் நாள் பழக்கதோஷத்தில் டியூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டின் ஓரத்தைப் பார்த்தார். மயிரிழை அளவு தூக்கியிருந்தது. கத்திமுனையை விட்டு லேசாக நெம்பினார். பட்டென்று ஒரு சத்தம். மொத்த ஒட்டும் அப்பளம் மாதிரி முழுசாகக் கையில் வந்துவிட்டது. அடுத்ததை நெம்பினார், அதுவும் வந்தது. நாலும் வந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. படகுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தே இருந்தார். சரி, நமக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான், ஜெயமணியிடம் சொல்லிவிடலாம் என்று சம்பங்கி நினைத்தாள். அக்கரையில் பொங்கல் பூவுக்கு வைத்த நாற்று இடுப்பளவு எழுந்து மொக்கு கட்டிக்கொண்டிருந்தது. அதை நினைத்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ரெசின் கலப்படம்," என்று அண்ணாதுரை போனில் கமலக்கண்ணனிடம் சண்டைக்குப் போனார். அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

பெயர்ந்த ஒட்டைத் திருப்பிப் பார்த்தார். படகின் வயிற்றைத் தடவினார். கிரைண்டரை ஒரு நொடி வைத்து எடுத்து, அந்த இடத்தை மோந்தார்.

"அண்ணாச்சி, இதுல எண்ணெ ஏறியிருக்கே. பொரிச்ச வாசம்லா அடிக்கி."

சம்பங்கி அடுப்படியில் பிதுக்குப்பருப்புக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"எண்ணெயா? இதுலயா?" அண்ணாதுரையின் குரல் உயர்ந்தது. "அந்த ஆட்டுக்குட்டி அடைச்சு வச்சிருந்தானே, அந்த வாச்மேன் வேலைதான் இது. பெயின்ட் ஷாப்புல இருபத்தாறு வருசம் இருந்தவன் நானு. எண்ணெ பட்ட எடத்துல பெயின்டே நிக்காது. பேச்சியம்மான்னு ஒரு புள்ள புதுசா வேலைக்கு வந்துச்சு. தலை நெறைய தேங்கா எண்ணெ. அன்னைக்கு நாப்பது டேங்கு மீன்கண்ணு மாதிரி குழி குழியா போச்சு. அந்த நிமிசமே வூட்டுக்கு அனுப்பிட்டேன், தெரியுமா?"

தெரியும். சம்பங்கிக்கு நூறு தடவை தெரியும். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் நெஞ்சு நிமிரும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அந்தக் காவல்காரரோடு போய்விடும். அவர் வந்து சாட்சி சொல்லப் போகிறாரா? அடுப்பைத் தணித்தாள். மூடியைப் போட்டாள். மறுபடி மூடியைத் திறந்து பார்த்தாள், பார்க்க அதில் ஒன்றுமில்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"வாச்மேன் இல்ல. நாந்தான் பூசினேன்."

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"ஆயுத பூசைக்கு. விளக்கெண்ணெ. ரெண்டு தடவை. தோலு வறண்டு கெடந்துச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சு... ஒரு பாட்டில் முழுசும் குடிச்சிடுச்சு."

கமலக்கண்ணனுக்கு இந்தப் பக்கம் பார்ப்பதா அந்தப் பக்கம் பார்ப்பதா என்று தெரியவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"மைனி, எண்ணெ தப்புதான். ஆனா எண்ணெ மட்டும் தப்பில்ல. அண்ணாச்சி, நான் சொன்னாப்ல நார் தெரிய கிரைண்டர் போட்டியளா?"

அண்ணாதுரை தரையைப் பார்த்தார்.

"உப்புத்தாள் போட்டேன்."

"கிரைண்டர்?"

"பளபளன்னு இருந்துச்சுங்க. அதுல போயி எப்புடிக் கீறல் போடறது? இருபத்தாறு வருசம் கீறல் வுழக்கூடாதுன்னே பாத்த கண்ணு. மனசு வரல."

"நல்லாருக்கு! ஒருத்தர் எண்ணெ பூசியாச்சு, ஒருத்தர் அந்தப் பளபளப்பக் காவல் காத்தாச்சு. பெறகு எங்க ஒட்டும்?"

கமலக்கண்ணன் சிரித்துவிட்டார். சம்பங்கி சிரிக்கவா வேண்டாமா என்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

"அந்தப் பேச்சியம்மாளுக்கு," என்றார், யாரையும் பார்க்காமல், "எண்ணெ வச்சிக்கினு வரக்கூடாதுன்னு முன்னாடி யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவன் நாந்தான். சொல்லாமயே வூட்டுக்கு அனுப்பிட்டேன். அந்தப் புள்ள அழுதுக்கினே போச்சு." அவள் பக்கம் திரும்பினார். "உனக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை. "களி ஆறுது, வாங்க," என்றாள்.

கமலக்கண்ணன் களியை மென்று பார்த்துத் திணறினார். "மெல்லாதீங்கண்ணா, உருட்டிக் கொழம்புல தொட்டு முழுங்குங்க," என்று சம்பங்கி சொல்லிக்கொடுத்தாள். முதல் உருண்டை தொண்டையில் நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவதற்குள் வித்தை பிடிபட்டுவிட்டது. பிதுக்குப்பருப்புக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

"கண்ணா, இந்த எண்ணெ போவுமா?" அண்ணாதுரை கேட்டார்.

"மேலாப்ல இருக்கத மொதல்ல கழுவணும். பெறகு ஆழமாத் தேய்க்கணும். பெறகு தின்னர் போட்டுத் தொடைக்கணும். மொதக் கழுவலுதான் சீண்டரம், பெரும்பாடு. சோப்புப் பவுடருக்கு விளக்கெண்ணெ லேசுல மசியாது."

"அரப்புக்கு மசியும்," என்றாள் சம்பங்கி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னா பாக்கறீங்க? எண்ணெ தேய்ச்சவளுக்கு எண்ணெ எடுக்கத் தெரியாதா? தலைக்கு ஊத்திவுட்டாப் போவுது."

அப்படித்தான் அந்த அன்னத்துக்கு எண்ணெய்க் குளியல் நடந்தது. சரசம்மா அண்டாவில் வெந்நீர் போட்டாள். சம்பங்கி அரப்புத்தூளைக் கரைத்து, தென்னை நாரால் வயிறு முதுகெல்லாம் தேய்த்தாள். "கண்ணுல படாமத் தேயி, எரியும்," என்றாள் சரசம்மா. "தலையே இல்ல, கண்ணு எங்க இருக்குது?" என்றாள் சம்பங்கி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டகை மாடு மிரண்டது.

அப்புறம் கிரைண்டர். இந்த முறை அண்ணாதுரை கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்ல முடியாது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். பளபளப்பெல்லாம் வெண்தூளாகப் பறந்து பழைய நார் வெளியே தெரிந்தது. தின்னரில் நனைத்துத் துடைக்க அவருடைய வெள்ளை யூனிபாரத்தையே கிழித்துக்கொடுத்தார். துணி மஞ்சளாக வந்தது. மறுபடி தேய்த்தார். மறுபடி துடைத்தார்.

"போதுமா?" என்று கேட்டார்.

சம்பங்கி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றினாள். விளக்கு கழுவினால் எண்ணெய் போயிற்றா என்று அவள் பார்க்கிற முறை அது. இறக்கைக்குக் கீழே ஓரிடத்தில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டது. அண்ணாதுரையின் காதோரம் இருந்த பென்சிலை உருவி, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"ரிஜெக்ட்டு," என்றாள்.

அவர் மறுபடி தேய்த்தார். ஐந்தாம் முறை தண்ணீர் எங்கும் நிற்காமல் ஒரே பரப்பாக வழிந்தது. அன்றைக்குத்தான் நார்த்துணியும் ரெசினும் உள்ளே வந்தன. மூடிக்கு ஒரு சொட்டு மேலே போகவில்லை. இறுகினதும் கத்தியை வைத்து நெம்பினார், கத்திமுனைதான் உடைந்தது.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. துருவேறின சங்கிலியையும் மிதிகட்டைகளையும் எடுத்துவிட்டுப் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் போட்டார்கள். தலை செய்து தரட்டுமா என்று கமலக்கண்ணன் போனில் கேட்டார். வேண்டாம், அந்தக் கழுத்தில் ஒரு பலகை அடித்தால் பூக்கூடை வைக்கலாம் என்று சம்பங்கி சொல்லிவிட்டாள்.

வெள்ளோட்டம் விட்ட அன்று மத்தியானம் ஏரிக்கரையில் பாதி ஊர் நின்றது. அண்ணாதுரைக்கு நீச்சல் தெரியாது. இடுப்பில் இரண்டு காலித் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"கெணத்துல குதிச்சு வளந்தவ நானு. வுழுந்தா முடியைப் புடிச்சு இழுத்தாந்துடறேன், ஏறுங்க," என்றாள் சம்பங்கி.

"முடி எங்க இருக்குது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அண்ணாதுரை வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

ஏறுவதற்கு முன் படகின் உள்ளே முழுக்க அடுப்புச் சாம்பலைத் தூவியிருந்தாள். கரையோரம் பத்து நிமிஷம் மிதக்கவிட்டுப் பார்த்தால், மிதிகட்டைக்கடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாம்பல் ஈரத்தில் கறுத்திருந்தது. அவர் அவமானப்படவில்லை. பென்சிலை எடுத்து அவரே வட்டம் போட்டார், படகை மேலே இழுத்துக்கொண்டுபோய் அவரே அடைத்தார். மறுநாள் சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

போகிக்கு முதல் நாள். பனி விலகாத காலையில் இருவரும் மிதித்து அக்கரைக்குப் போனார்கள். ஒன்றேகால் மணி நேரத்து வழி, படகில் பதினைந்து நிமிஷம்! போகும்போது அண்ணாதுரை, இடுப்பில் அதே தண்ணீர் கேன்களோடு, மிதிகட்டையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அக்கரையில் இறங்கித் தலை நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். ஒன்றேகால் ஏக்கரும் மஞ்சளாகப் பூத்திருந்தது.

"இத்தினி பூவா?" என்றார்.

"இருபது வருசமா இத்தினிதான்."

சரசம்மா முன்னாடியே கரைவழி நடந்து வந்து பறித்துக்கொண்டிருந்தாள். பின் இறக்கையில் மூன்று கூடை, கழுத்துப் பலகையில் ஒரு கூடை. அன்னத்துக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் சாமந்திக் குவியல் உட்கார்ந்துகொண்டது. திரும்பும்போது சம்பங்கியின் முழங்கால் முதல் நூறு மிதிக்கு முனகியது, அப்புறம் சூடேறி வழிக்கு வந்தது. ரோட்டில் பூவண்டி ஆரனடிப்பதற்கு முன்பே நாலு கூடையும் கரையேறிவிட்டன.

கரையில் ஜெயமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வண்டி போகும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"அக்கா, கன்னுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குப் போகி. நீ ஒண்ணுமே சொல்லலியே?"

சம்பங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதமாகச் சொல்ல வராத சொல் இப்போது லேசாக வந்தது.

"அதை உன் மேட்டு நெலத்துல வச்சிக்கோ ஜெயமணி. என் நெலத்துல சாமந்திதான்."

அவன் படகைப் பார்த்தான். அக்கரையைப் பார்த்தான். கோபித்துக்கொள்வான் என்று அவள் நினைத்தாள்.

"அது சரி," என்றான். "எனக்கும் அந்தப் பக்கம் அரை ஏக்கர் அவரை கெடக்குது. தூக்கியார ஆளு இல்லாம முத்திப் போவுது. சாயந்தரம் ஒரு நடை, நாலு மூட்டை..."

"ஏத்தலாம். நீதான் மிதிக்கணும்."

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். அண்ணாதுரை சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த தாள் ஒன்று. பிரித்தால், தொழிற்சாலையில் டேங்குக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர், ஒன்றே ஒன்று. கடைசி நாள் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்ஸ்பெக்ஷன் பண்ணது நீதான். நீயே ஒட்டு," என்று நீட்டினார்.

சம்பங்கி படகைச் சுற்றி வந்தாள். நிதானமாகத்தான் சுற்றினாள். வாலுக்குக் கீழே பெயின்டில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நகத்தால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

"இது என்னா?"

அண்ணாதுரையின் முகம் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தார். "கவனிக்கல," என்றார் மெதுவாக.

அவள் ஸ்டிக்கரின் தாளை உரித்தாள். படகில் ஒட்டவில்லை. அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, ஒட்டி, பெயர்ந்துவிடாதபடி உள்ளங்கையால் நன்றாக அழுத்தினாள்.

அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரத்துக்கு ஒட்டியவர், தனக்கு ஒன்று ஒட்டுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"வாங்க, வாங்க," என்று அவள் வெறுங்கூடைகளைப் படகில் போட்டாள். "அங்க இன்னும் நாலு வரிசை பறிக்காமக் கெடக்குது. சரசம்மா தனியா கத்திக்கினு இருப்பா."

அவர் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். தண்ணீர் கேன்கள் இரண்டும் கரையிலேயே கிடந்ததை ஏரியின் நடுவில்தான் கவனித்தார்கள்.